கேட்டவருக்குக் கொடுத்த கசடு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் முலாம் பட்டறை உரிமையாளர் திரு. ஈஸ்வரமூர்த்தி அவர்களே! இரும்போடு மல்லுக்கட்டி இவ்வூரை உயர்த்திய சிறுதொழில் முனைவோரே! வயதிலும் வாய்த்துடுக்கிலும் எனக்கு நிகரான பெரியோரே! உலையை ஏற்றிவிட்டு வந்து கடிகாரத்தைப் பார்க்கும் தாய்மாரே! பின்வரிசையில் காலிக் குடத்தோடு அமர்ந்திருக்கும் கருப்பாத்தாள் அவர்களே! (சகுனம் பார்க்காதீர்கள். அந்தக் குடம் காலியான கதையைத்தான் சொல்லப்போகிறேன்.) வணக்கம்.

எனக்கு எதற்காக இந்தப் பொன்னாடை? தலைவரின் பட்டறையில் வேதியியலாளராக இருந்து, ஆபத்தான கழிவுகள் பற்றிய ஆண்டறிக்கையை ஆறு ஆண்டுகள் அரசுக்குப் பிழையின்றி அனுப்பினேனாம். பிழையின்றியா? கழிவு எவ்வளவு? இல்லை. எங்கே கொட்டினீர்? இல்லை. எவரிடம் ஒப்படைத்தீர்? இல்லை. அறிக்கையில் இருந்தது ஒன்றே ஒன்று: என் கையெழுத்து!

குரோம் முலாம் பூசும் தொட்டியின் அடியில் மஞ்சள் கசடு தங்கும்; அள்ளிக் காயவைத்தால் மண்போல் இருக்கும். அதை நாங்கள் எங்கும் கொட்டியதில்லை. கொட்டுமுன்பே கேட்க ஆள் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பாத்தாள் வாசலில் நின்று கேட்டார்:

"ஏனுங்கம்மா, கெணத்து மேடு சரிஞ்சுபோச்சுங்க. அந்தக் காஞ்ச மண்ணு சும்மாதானுங்களே கெடக்குது? ரெண்டு வண்டி குடுத்தீங்கன்னா ரொப்பிப்போடுவேனுங்க."

தலைவர் சிரித்தார். "அதுக்கென்னுங்க, அள்ளிக்கட்டும். கேட்டவங்களுக்குக் குடுத்தது கழிவாகுமுங்களா?"

பட்டம் பெற்ற நான் என்ன சொன்னேன்? "வண்டியும் நம்முளுதையே அனுப்பிச்சுடுங்க" என்றேன். கேட்டவருக்கு இல்லையென்னாத கொங்குப் பண்பாடு! அன்று தொடங்கி ஆண்டுக்கு இரண்டு வண்டி. கேட்டவருக்கு 'உண்டு' என்றோம். அரசுக்கு 'இல்லை' என்று எழுதினோம்.

ஆறாம் ஆண்டு ஐப்பசி மழையில் கிணறு மஞ்சளானது. நானே சோதித்தேன். குரோமியம் என்னும் நஞ்சு.

(என்ன தம்பி? "பழசை எதுக்குங்க கெளர்றீங்க" என்கிறீரா? கிளறியது நானல்ல, மழை!)

செய்தி சொல்லப் போனேன். "நீங்க ஆசையாக் குடுத்ததுதானுங்களே, உங்களைக் குத்தஞ் சொல்ல முடியுங்களா?" என்றார் கருப்பாத்தாள். வைதிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவர் வையவில்லை. அன்றுமுதல் அவர் தெருக்குழாயில் குடத்தோடு நிற்கிறார்.

இன்றைய கூட்டத்தின் நான்காம் தீர்மானம் என்ன? சிறுபட்டறைகளுக்கு இந்த அறிக்கையிலிருந்து விலக்கு வேண்டுமாம்! படிவம் தொல்லையா? தொல்லைதான். ஆனால் முதலாண்டே 'இரண்டு வண்டி' என்று நான் எழுதியிருந்தால், 'எங்கே?' என்று ஒருவர் கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி போதும், ஒரு கிணறு பிழைத்திருக்கும். கேள்வியே வராமல் காத்தவள் நான். அதற்கா இந்த ஆடை? இதோ, மடித்து மேசைமேல் வைத்துவிட்டேன்.

ஆறு அறிக்கைகளையும் திருத்தி எழுதி வந்திருக்கிறேன். எங்கே போனது என்னும் கட்டத்தில் 'கருப்பாத்தாள் கிணற்று மேடு' என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. உரிமையாளர் கையெழுத்துக்குரிய இடம் காலி.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமை இழந்தும் எழுந்து போகாதவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களே, இதோ பேனா. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவர் நீங்கள். இன்று நான் கேட்கிறேன்.