ஒட்டலையாம்

உங்கள் அறையில் நாற்காலிகள் சரியான உயரத்தில் இருக்கின்றன, டாக்டர். முதுகில் திருகாணி வைத்துக்கொண்டவர்கள் எந்த அறைக்குள் போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்போம். தாழ்ந்த சோபாவாக இருந்தால் நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவோம்.

இரண்டு எக்ஸ்ரே படங்களையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறீர்கள். இடது பக்கம் இருப்பது நான். பதினோரு வருடம் முந்தைய படம். வலது பக்கம் என் தங்கை, இரண்டு வருடம் முந்தையது. எங்களுக்கு இன்னொரு ஆபரேஷன் செய்தால் பலன் இருக்குமா என்று கேட்கத்தான் அந்த உறைகளை அவள் உங்களிடம் கொடுத்தாள். நீங்கள் பார்த்துவிட்டு அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னீர்கள். வீட்டில் அவள் கனமாக எதையாவது தூக்கினாளா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

தூக்கினாள். என்னைத்தான்.

நீங்கள் இந்த ஆஸ்பத்திரிக்குப் புதியவர். எங்கள் இருவருக்கும் ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் நூலகத்தில் வேலை பார்த்தேன். புத்தகக் கட்டுகளை ஏற்றி இறக்கும் வேலை. நாள் முழுக்க யாரும் பேச மாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. முதுகு போனது அங்கேதான். கீழ்முதுகில் மூன்று எலும்புகளை ஒன்றாகச் சேர்த்து ஆறு திருகாணிகளும் இரண்டு கம்பிகளும் வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். அவருக்கும் அதே வாரம் அதே ஆபரேஷன்.

"இருபது வருஷமா எம்பொண்டாட்டி, உனக்கு முதுகெலும்பே இல்லைன்னு திட்டுறா சார். இனிமே படத்தோட காட்டலாம். இரும்புல இருக்கு" என்றார்.

சிரித்தால் வலிக்கும் என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம். தும்மலுக்கு அதைவிடப் பயம். என் முகம் கொஞ்சம் கோணினாலும் தங்கை ஓடிவந்து, ஒரு கையை முதுகிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அதற்கு முன் யாரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

வீட்டுக்கு வந்தோம். குனியக் கூடாது, திரும்பக் கூடாது, தூக்கக் கூடாது. கட்டிலிலிருந்து எழுவதற்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மரக்கட்டையைப் புரட்டுவதுபோல உடம்பு மொத்தத்தையும் ஒரு பக்கமாகப் புரட்டி, காலைக் கீழே விட்டு, தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். பாப்பா எண்ணுவாள். வீட்டில் தங்கைக்குப் பாப்பா என்றுதான் பெயர். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. "ஒண்ணு, ரெண்டு, மூணு." மூன்று என்றதும் நான் எழுவேன். பிறகு தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு காலுறை மாட்டிவிடுவாள். அவசரமே இல்லாமல், குதிகாலில் சுருக்கம் விழாமல்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஒட்டு உறவு என்று எங்களுக்கு வேறு யாரும் இல்லை.

ஆறாவது மாதம், சேர்த்து வைத்த எலும்புகள் ஒட்டிவிட்டனவா என்று பார்க்கப் படம் எடுக்க வந்தோம். அதற்கு முந்தின வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். வேறு ஊரில் புதிதாகத் திறக்கும் கடையை அவள் பொறுப்பில் விடுவதாக எழுதியிருந்தார்கள். உடன் வேலை பார்க்கும் ஒருவரும் அங்கே போகிறார் என்று சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஒட்டிடுச்சுன்னா நான் போகலாம்ல அண்ணா?"

"தாராளமா போ" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி ஒட்டிடுச்சு. போய் வேலையப் பாருங்க சார்" என்றார். தங்கை அப்போதும் வெளியே பெஞ்சில்தான் இருந்தாள். கதவிலிருந்து பெஞ்சுக்குப் பத்து எட்டு வைக்க வேண்டும். ஏழாவது எட்டு வரை நான் எதுவும் நினைத்திருக்கவில்லை.

"என்னண்ணா சொன்னாரு?"

"ஒட்டலையாம்."

அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு 'ஆம்' இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். ஒட்டவில்லை என்று சொன்னால் அது என் பொய். ஒட்டலையாம் என்றால் யாரோ சொன்னதை நான் கொண்டுவந்து கொடுக்கிறேன். நம் மொழியில் அந்த வசதி இருக்கிறது.

அவள் அழவில்லை. "சரி, பரவால்ல. வா, போலாம்" என்று சொல்லி, அவிழ்ந்திருந்த என் ஷூ நாடாவைக் குனிந்து கட்டினாள். படத்தோடு இருந்த அறிக்கையை நான் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். படம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு அதில் ஆறு திருகாணிகள் வெள்ளையாகத் தெரியும். அவளுக்கு அது போதும்.

எட்டு வருடம். அவள் கடைக்குப் போன பிறகு நான் எழுந்து நடப்பேன். அவள் முன்னால் நான் பிடித்து நடக்கும் நடைவண்டி எந்தத் தரைக்கல்லின் மேல் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அது இல்லாமல் நடப்பேன். காலுறையைக் கழற்றி நானே திரும்ப மாட்டிப் பார்ப்பேன். குதிகாலில் சுருக்கம் விழும். ஒருநாள் தெருவில் இறங்கி அவள் கடை வரைக்கும் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். அன்று மாலை அவள் மூன்று என்றபோது நான் உடம்பைத் தளர்த்தி விட்டேன். தளர விட்டால் உடம்பு எவ்வளவு கனக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் மூச்சு ஒருமுறை நின்று வந்தது. அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான் கனத்தேன்.

பஸ் டிரைவர் ஒருமுறை வந்தார். மூன்று மாடி ஏறி.

"ஒரே வாரம், ஒரே டாக்டரு. எனக்கு ஒட்டிடுச்சு, உங்களுக்கு ஒட்டலையா? எனக்கு வச்ச பசை நல்ல பசை போலிருக்கு" என்றார். தங்கை சிரித்தாள். டிரைவர் சிரிக்கவில்லை, நடந்து காய்த்திருந்த என் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்தே கிடப்பவனின் உள்ளங்கால் அப்படி இருக்காது. போகும்போது வாசலில் நின்று, "அந்தப் புள்ள பாவம் சார்" என்றார். அவர் இனி வர வேண்டாம், பேசினால் எனக்கு வலி கூடுகிறது என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு காலையில் அவள் ஒன்று சொன்னாள், இரண்டு சொன்னாள். மூன்று வரவில்லை. என் தோளுக்கடியில் கையை வைத்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளால் வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை. அந்த 'மூணு' இன்னும் பாக்கி இருக்கிறது. வீடு அமைதியாக இருக்கும் நேரங்களில் அதற்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கும் மூன்று எலும்பு, ஆறு திருகாணி. வீட்டுக்கு வந்ததும் நான் எழுந்து நின்றேன். நடைவண்டி இல்லாமல். அவள் பார்த்தாள். நான் பயந்தது நடக்கவில்லை.

"எனக்காக வலியத் தாங்கிக்கிட்டு எழுந்துட்டியேண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஆறு மாதம் அவளை நான் பார்த்துக்கொண்டதில் நீங்கள் ஒரு குறை சொல்ல முடியாது. நான் எண்ணுவேன், அவள் எழுவாள். காலுறை மாட்டக் கற்றுக்கொண்டேன். தும்மல் வரும் முகம் எனக்கும் தெரிந்துவிட்டது. அவளும் நானும் நன்றாக இருந்தோம். ஆறாவது மாதம் நெருங்கியபோது அவள் சொன்னாள். "எனக்கு ஒட்டிடுச்சுன்னா அந்த ஊருக்குப் போய் வேலை கேக்கலாம்னு இருக்கேன். நீதான் இப்ப நடக்கிறியே." உடன் வேலை பார்த்த அந்த ஆள் இன்னும் அங்கே தனியாகத்தான் இருக்கிறாராம். இந்த 'ஆம்' அவளுடையது.

படத்தை வாங்க நான் மட்டும் உள்ளே வந்தேன். பெரிய டாக்டர் என்னிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார், கல்லு மாதிரி என்று. வெளியே அதே பெஞ்ச். இந்த முறை நான் எட்டுகளை எண்ணவில்லை.

இரண்டு வருடமாக அவள் முதுகுக்குப் போட்ட பெல்ட்டைக் கழற்றவில்லை. நடைவண்டியை விடவில்லை. கால்கள் மெலிந்துவிட்டன. அதையும் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவிட்டேன். அவளுக்கு நான் கெடுதல் எதுவும் செய்யவில்லை, டாக்டர். அவளைத் தனியாக விட மனம் வரவில்லை.

மணியடிக்கக் கையை நீட்டுகிறீர்கள். அவளைக் கூப்பிடுங்கள். ஆனால் சட்டென்று எழுந்து வரச் சொல்லாதீர்கள். நான் போய் எண்ணுகிறேன். அவளுக்கு எலும்பு இன்னும் ஒட்டவில்லை.