அறுபத்தோராம் பக்கத்துப் பேருந்து

உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து உயராத குரலில் எங்களை ஆளும் தலைவர் அவர்களே, ஐம்பது பேருந்துகளையும் அவற்றைவிட அதிகமாக ஆடும் எங்களையும் ஓட்டிச் செல்லும் மேலாளர் பெருமக்களே, பின்வரிசையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கும் பணிமனைத் தலைமை மெக்கானிக் அக்கா அவர்களே, பிள்ளைகளை மடியில் அடக்கிக்கொண்டு இவன் எப்போது முடிப்பான் என்று பார்க்கும் தாய்மார்களே, தனியாகக் குறிப்பிடாவிட்டால் வீட்டில் தனியாகக் கவனிக்கும் என் துணைவியே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

ஆண்டின் சிறந்த அறிக்கைக்கான கேடயத்தை என் கையில் தந்திருக்கிறீர்கள். எத்தகைய அறிக்கை அது? எழுபத்து நான்கு பக்கம். பதினான்கு வண்ணத்தில் வரைபடங்கள். வட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்கு ஒரு வால், வாலுக்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு ஒரு பிற்சேர்க்கை. நம் அலுவலக வழக்கம் நீங்கள் அறியாததா? அறிக்கையை யாரும் பிரிப்பதில்லை, கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் "நல்லா உழைச்சிருக்கான்யா" என்பார்கள். முதல் பக்கத்தில் பச்சை தெரிந்தால் தேநீர் வந்துவிடும். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்துத் தந்த கணினிப் பிரிவே நீங்கள்தான்.

அந்தப் பச்சையில் நான் எழுதினேன்: "பிரேக் நிலை, தொண்ணூற்றெட்டு சதவீதம் நன்று." ஐம்பதில் நாற்பத்தொன்பது நன்றாக இருந்தால் தொண்ணூற்றெட்டுதானே? கணக்கில் பிழை உண்டா? கடுகளவும் இல்லை. மீதி அந்த ஒரு வண்டியைப் பற்றி அக்கா எனக்கு மூன்று முறை சீட்டு அனுப்பியிருந்தார். "பத்தொன்பதாம் நம்பர் வண்டி. பிரேக் பிடிக்கல. எடுக்காதீங்க." அவ்வளவுதான் சீட்டு. வண்டியை நிறுத்தும் அதிகாரம் அக்காவுக்கு இல்லை, மேலாளருக்குத்தான் உண்டு. மேலாளருக்கோ என் அறிக்கைதான் கண். நான் என்ன செய்தேன்? சீட்டில் அழகில்லை என்று அதை இரண்டு சதவீதமாக மாற்றினேன். இரண்டு சதவீதத்தை அறுபத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பாக இறக்கினேன். அடிக்குறிப்பை எறும்பு அளவு எழுத்தில் அச்சடித்தேன்.

அந்த இரண்டு சதவீதத்தை ஓட்டியவர் யார் தெரியுமா? என் மனைவியின் தம்பி. இதோ, முன்வரிசையில் ஊன்றுகோலோடு இருக்கிறார். சந்தைக்கு இறங்கும் சரிவில் பிரேக் ஏமாற்ற, முப்பத்திரண்டு பயணிகளோடு வண்டியை மணல் மேட்டில் ஏற்றி நிறுத்தினார். பயணிகளுக்குச் சிராய்ப்பு. அவருக்குக் கால் முறிந்தது.

மருத்துவமனையில் அவர் கேட்டார்: "மாமா, உங்க ரிப்போர்ட்ல என் வண்டி இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா. அறுபத்தோராம் பக்கத்துல."

"அதை யாரு படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க."

"அப்ப யாருக்காக எழுதினீங்க?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை, அதனால்தான் என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எந்த வண்ணத்தில் வரைவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்பர்களே, அறிக்கை என்பது அலங்காரமா? முடிவெடுப்பவர் மேசையில் முதல் வரியில் நிற்க வேண்டியது எது? நலமாக ஓடும் நாற்பத்தொன்பதா, நடுச்சரிவில் நம்மைக் கவிழ்க்கக் காத்திருக்கும் ஒன்றா? எந்த வண்டி, என்ன குறை, யார் என்ன முடிவு எடுக்க வேண்டும், இந்த மூன்றையும் சொல்லாத அறிக்கை ஆயிரம் பக்கம் இருந்தும் என்ன பயன்?

என்ன ஐயா, நேரமாகிறது என்று மணியைத் தட்டுகிறீர்களா? முடித்துவிடுகிறேன். நம்மை வீட்டில் விட மூன்று பேருந்துகள் வாசலில் நிற்கின்றன. அக்கா மதியம் அவற்றைப் பார்த்துவிட்டு எழுதித் தந்ததை நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, ஒரு வண்ணமும் பூசவில்லை. தலைவர் அவர்களே, உங்கள் தண்ணீர் டம்ளருக்குக் கீழே இருக்கிறது அந்தத் தாள். அருள்கூர்ந்து படியுங்கள்.

படித்துவிட்டீர்களா? என்ன சொல்கிறீர்கள்? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள் ஐயா, எல்லாருக்கும் கேட்கட்டும்.

"நடுவுல நிக்கிற வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லுங்க."

கேட்டீர்களா பெரியோர்களே? பத்து வினாடி. எழுபத்து நான்கு பக்கத்தால் முடியாததை ஒரு துண்டுத் தாள் முடித்துவிட்டது. இந்தக் கேடயம் பின்வரிசைக்குப் போகட்டும், அக்கா, எழுந்து வாங்க. பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், இரண்டு வண்டிகளில் நெருக்கிக்கொண்டு பத்திரமாக வீடு போகப்போகிற அத்தனை பேருக்கும் என் நன்றி, வணக்கம்.