ரதிக்குச் சுண்ணாம்பு

பகல் பன்னிரண்டரை மணி. ஆடி மாதம். புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகிற சாலை... பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒரு காக்கை கூட இல்லாத சாலையில், உச்சி வெயிலில் தனியாக நடந்து பார்த்துவிட்டு அப்புறம் என்னிடம் பேசுங்கள்.

சிரிக்க வேண்டாம், பீர் மைதீன். ஓட்டுப் பெட்டிகளை ஏற்றிப் போக லாரி விடிந்துதான் வரும். அதுவரை நாம் மூன்று வாத்தியார்களும் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கண் விழித்துக் கிடக்க வேண்டும். பெட்ரோமாக்ஸும் இப்பவோ அப்பவோ என்று இருக்கிறது. பேய்க்கதை கேட்டது நீர்தான். கேட்டால் முழுசாகக் கேளும். இது நடந்தது நம் டிரில் வாத்தியார் துரைப்பாண்டியின் தங்கை இசக்கித்தாய்க்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளைக்கு. துரைப்பாண்டி இதோ பக்கத்தில்தான் இருக்கிறார். நான் பொய் சொன்னால் அவரே தடுக்கட்டும்.

மாப்பிள்ளை பெயர் காசிராஜன். புளியங்குடியில் எலுமிச்சை வாங்கிச் சங்கரன்கோவில் சந்தையில் விற்பவன். நாற்பத்தேழாம் வருஷம். ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. அன்றைக்கு அவன் வந்த, கரி எரித்து ஓடுகிற பஸ் பாதி வழியில் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. மற்றவர்கள் மர நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். இவனுக்குப் பொறுமை கிடையாது. நடந்தான்.

ஒரு மைல் போனால் பருத்திக் காட்டு ஓரத்தில் பாழடைந்த கல் மண்டபம் ஒன்று. எதிரெதிரே இரண்டு தூண். ஒன்றில் இருந்த மன்மதன் என்றைக்கோ உடைந்து விழுந்துவிட்டான். மற்றதில் ரதி, அன்னத்தின் மேல். அவளுக்குப் பூசாரி கிடையாது, விளக்கு கிடையாது. ஆனால் பூசை உண்டு. என்ன பூசை தெரியுமா? வெற்றிலை போட்டதும் விரலில் மிச்சமிருக்கிற சுண்ணாம்பை அவள் மார்பில் தடவுவது. கல்யாணமாகாதவன் தடவினால் சீக்கிரம் பெண் அமையும். அமைந்த பிறகு நன்றிக்கு இன்னொரு தடவை.

எத்தனை தலைமுறைச் சுண்ணாம்பு. அதன் மேல் வெற்றிலை எச்சில், தலை எண்ணெய்ப் பிசுக்கு, ஈ. எல்லாம் கட்டி தட்டி மஞ்சளித்து... கிட்டே போனால் கழுவாத வாய் நாற்றம் அடிக்கும். நானும் தடவியிருக்கிறேன். கல்லூரி நாளில், கூட வந்த நாலு பேர் சிரிப்பதற்காக. வேதக்காரன் வீட்டுப் பையன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பாடுகிறவன், நான்தான்.

சரித்திரம் நடத்துகிறவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இது நம் ஊர்ச் சீக்கு மட்டுமில்லை. காதலுக்கென்று ஒரு பெண் தெய்வம் அந்தக் காலத்தில் எங்கும் இருந்தாள். பாபிலோனில் இஷ்தார். கானான் தேசத்தில் அவளைப் போலவே ஒருத்தி, அஸ்தரோத் என்று எங்கள் வேதம் திட்டுகிறதே, அவள். எகிப்தில் ஹாதோர், கிரேக்கர்களுக்கு அப்ரோதித்தே, ரோமாபுரியில் வீனஸ். தேன் படைத்தார்கள், புறா விட்டார்கள், சாம்பிராணி போட்டார்கள். கும்பிட்ட கை அப்புறம் என்ன செய்தது என்று கேளுங்கள். பாபிலோனில் ஒவ்வொரு பெண்ணும் ஆயுளில் ஒரு தடவை அந்தக் கோயிலில் போய் உட்கார வேண்டுமாம், முன்பின் தெரியாத எவனாவது மடியில் காசை எறிகிறவரை. நிஜமோ புளுகோ, பழைய யவனன் ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். கிரேக்கர்களின் ஊர் ஒன்றில் அப்ரோதித்தேக்குப் பளிங்கில் சிலை. ஒரு வாலிபன் ராத்திரி கோயிலுக்குள் ஒளிந்து தங்கிவிட்டான். காலையில் சிலையின் தொடையில் கறை. அது அப்படியே நின்றுவிட்டதாம். வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிக் கறையையும் காட்டினார்களாம். தூ.

சரி, காசிராஜன். மண்டபத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டான். எழுந்துபோய் நன்றிக் கடனைத் தீர்த்தான். நிழல் சுகமாக இருந்தது. துண்டை விரித்துப் படுத்தான்.

விழித்தபோது... அவன் மார்பில் ஒரு விரல். ஈரமாக, வழுவழுவென்று, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனது.

எழுந்து பார்த்தான். யாருமில்லை. நெஞ்சு முடியில் வெள்ளைக் கோடு. தூக்கத்தில் நாமே சுண்ணாம்பை இழுவிக்கொண்டோம் என்று துடைத்துவிட்டு நடந்தான். பத்து எட்டு வைத்திருப்பான்... பிடரியில் ஒன்று. இது தடித்த விரல். அப்புறம் காது மடலுக்குள் நகம் வளர்ந்த சின்ன விரல் ஒன்று. தொடையின் உள்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுடையது. ஒவ்வொன்றோடும் ஒரு மூச்சு. பீடி, சொத்தைப் பல், புகையிலை... ஓடினான். ஓடினாலும் விடவில்லை. சங்கரன்கோவில் போய்ச் சேரும்போது ஆடித் திருவிழாக் கூட்டத்தில் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்களாம், என்ன வே, சுவருக்கு வெள்ளையடிச்சிட்டு வாரீரா என்று.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தான். சட்டையைக் கழற்றிக் காட்டினான். சுண்ணாம்பு பட்டுப் பட்டுத் தோல் வெந்து உரிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தொப்புளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுகிறது. விழுந்தது ஒரு விரல் அகலத்துக்கு. விரலைக் காணோம். நாற்றம் மட்டும் என் முகத்துக்கு நேரே அடித்தது.

"அவள கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன்.

"அவ வரல சார். பொம்பள வாடையே இல்ல. பூரா ஆம்பளக் கை."

"துரைப்பாண்டிட்ட சொன்னியா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? எனக்கு என்ன வேணா ஆவட்டும் சார். நாளைக்கு அந்தப் பிள்ள என் பக்கத்துல படுக்கணும். இசக்கித்தாய இந்தக் கை தொட்டுறக் கூடாது. அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க."

வழி சொல்ல எனக்கு என்ன தெரியும்? பாடப் புத்தகம் தெரியும். ஆனாலும் சொன்னேன். "அவ மேல அப்பினத எல்லாம் கழுவிருவோம். நானும் வாரேன்."

புளி, தேங்காய் நார், பழைய அரிவாள், இரண்டு குடம் தண்ணீர். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுரண்டினோம். அடை அடையாகப் பெயர்ந்தது. உள்ளே முடி ஒட்டியிருந்தது, செத்த ஈ இருந்தது, விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அடியில் மார்பே இல்லை. தடவித் தடவிக் கல் குழிந்து போயிருந்தது. முகத்தில் மட்டும் ஒருவனும் கை வைக்கவில்லை. செதுக்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வெட்கமாக இருந்தது எனக்கு. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே காசிராஜன் மேல் கை விழுவது நின்றது. ஒரு நாள், ஒரு வாரம், மூன்று வாரம்... ஒன்றுமில்லை. தோல் ஆறிவிட்டது. வெற்றிலையை விட்டுவிட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் பெருமைதான். பத்திரிகை அடித்தார்கள். பந்தல் போட்டார்கள். இதற்குமேல் நான் சொல்வது சரியில்லை. நான் அன்றைக்குக் கூடத்தில் ஆண்பிள்ளைகளோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவன். கல்யாணம் நின்றுபோனது ஊருக்கே தெரியும். ஏன் என்று இவருக்குத்தான் தெரியும்.

துரைப்பாண்டி இவ்வளவு நேரம் பெட்டியின் அரக்கு முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பீர் மைதீன் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லத்தான் வேணுமா, தாவீது?" என்றார் துரைப்பாண்டி என்னிடம். அவரே தொடங்கினார்.

"முந்தின நாள் நலங்கு. பொம்பளைக எல்லாம் தங்கச்சிக்கு மஞ்சள் பூசி முடிச்சிட்டு சாப்பிடப் போயிட்டாவ. உள்ள எம் பொஞ்சாதி மட்டுந்தான். தண்ணி ஊத்துததுக்கு செம்ப எடுத்துக்கிட்டு நிக்கா. நான் வாசல்ல நிக்கேன், கதவு ஒருச்சாய்ச்சு இருக்கு. தங்கச்சி மணையில இருக்கா. மஞ்சள் கண்ணுல போயிரும்னு கண்ண இறுக்க மூடியிருக்கா..."

விளக்கு ஒரு தடவை அடங்கி எழும்பியது.

"மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா எப்படிச் செவக்கும்னு ஒமக்குத் தெரியும்லா. அப்படி அவ கழுத்துல ஒரு செவப்புக் கோடு. ஒரு விரல் அகலம். பெறவு பக்கத்துல இன்னொண்ணு. பெறவு அதுக்குக் கீழ. சீலை ஓரத்துக்குள்ள போயிக்கிட்டே இருக்கு. எம் பொஞ்சாதி ரெண்டு எட்டு தள்ளி நிக்கா. செம்பு கையில அப்படியே இருக்கு. தங்கச்சி கண்ணத் தொறக்கல, வே. பொறுமையா, அலுத்துப் போயிக் கேக்கா... 'இன்னும் எத்தன பேரு மதினி நிக்காவ?'"