குன்வோர் டீச்சர் கேட்ட கேள்வி

என் பேச்சு நீண்டால் மணியடிக்கக் காத்திருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்த தாய்மார்களே! ஆலந்துத் தீவுகளின் பள்ளிகளிலிருந்து படகேறி வந்த ஆசிரியப் பெருமக்களே! எழுத்து ஏறாத இந்தக் கிழவன் பிர்கெரின் வணக்கம்.

பிள்ளை பிறரைப் பார்த்துக் கற்கிறது என்றார், எனக்கு முன் பேசிய பேராசிரியை. பார்த்ததைத் தனக்குள் பேசிப் பேசித் தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. அவர் சொன்னதை நான் ஒருமுறை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

எங்கள் தீவுப் பள்ளிக்கு ஒரே ஆசிரியை குன்வோர் டீச்சர். அவர் பாடத்தைச் சொல்லித் தந்தாரா? இல்லை. யோசித்துக் காட்டினார். கரும்பலகையில் கணக்குப் போடுவார், வேண்டுமென்றே வழுக்குவார், நிற்பார். "இரு. நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று தன்னையே கேட்பார். தவறு அகப்பட்டதும், நம் தீவுக்காரர்கள் ஆமாம் சொல்வதுபோல மூச்சை உள்ளே இழுப்பார். அந்த இழுப்பு கடைசி பெஞ்சுவரை கேட்கும்.

அந்த மார்ச்சில் கடல் உறைந்து கிடந்தது. உறைந்த கடலில் ஜூனிபர் கிளைகளை நட்டு வழி குறிப்பது என் வேலை. கிளை வரிசையை விட்டு விலகாதே, இரும்புக் கழியால் தட்டிப் பார்க்காமல் காலை வைக்காதே என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் ஓதியவர் டீச்சர்தான். அவரே ஒருநாள், அக்கரையில் காய்ச்சலில் கிடந்த தாயைப் பார்க்கும் அவசரத்தில், கழி எடுக்காமல், கிளைகளை விட்டு விலகி, பனிக்கட்டியை அடியிலிருந்து அரிக்கும் நீரோட்டத்தின் மேலே நேராக நடந்தார். பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனிக்கட்டி திறந்தது. மூடிக்கொண்டது. உடல் கிடைக்கவேயில்லை.

பள்ளிக் கதவைச் சாத்தினோம். சில நாள் கழித்துப் பார்க்கிறேன், பள்ளியின் புகைபோக்கியில் புகை! போய்க் கதவருகில் நின்றேன். உள்ளே குன்வோர் டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு குன்வோர் அல்ல, ஏழெட்டுக் குன்வோர்கள். திறந்தேன். யாரும் அழைக்காமல் வந்த பிள்ளைகள், யாரும் சொல்லாமல் அடுப்பு மூட்டி, அவரவர் கணக்கின்மேல் குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அதே கேள்வி. அதே குரல். அதே மூச்சு, பெஞ்சு பெஞ்சாக. கரும்பலகையின் முன் யாருமில்லை. ஆனாலும் அவர்கள் கண்கள் அவ்வப்போது அங்கே நிமிர்ந்தன.

பேயா என்று பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். பேயாக இருந்தால் ஓடிப் பிழைத்திருப்பேனே, தம்பி! என்னைப் பிடித்தது வேறு பயம். குரலை இவ்வளவு கச்சிதமாகப் பிடித்தவர்கள் அந்த நடையை மட்டும் விட்டுவைப்பார்களா? டீச்சர் சொன்னதைக் கேட்ட காது அவர்களுடையது. டீச்சர் செய்ததைப் பார்த்த கண்ணும் அவர்களுடையதுதானே?

அன்று பள்ளி விட்டதும் மூடுபனி இறங்கியது. ஒன்பது வயது மாரித், உறைந்த கடலைக் கடந்து பக்கத்துத் தீவிலுள்ள தன் வீட்டுக்குக் கிளம்பினாள். மனம் கேட்காமல் நானும் பின்னால் போனேன். பாதி வழியில் அவள் காலடித் தடம் கிளை வரிசையை விட்டு விலகியிருந்தது. நேராக, நீரோட்டத்தை நோக்கி. பக்கத்தில் கழி ஊன்றிய தடமே இல்லை.

கூப்பிட்டேன். மூடுபனி என் குரலை விழுங்கியது. ஓட முடியாது, என் கனத்துக்கு அங்கே பனிக்கட்டி தாங்காது. குப்புறப் படுத்து ஊர்ந்தேன். அப்போது முன்னால் கேட்டது, செத்துப்போன ஆசிரியையின் குரல்.

"இரு."

காலடிச் சத்தம் நின்றது.

"நான் எங்க தப்பு பண்ணேன்?"

கேட்பது யார்? மேலே நிற்கும் பிள்ளையா? கீழே கிடக்கும் டீச்சரா? என் நெஞ்சுக்கடியில் தண்ணீர் நகர்வது கேட்டது. பிறகு ஒரு சிறுமியின் சொந்தக் குரல், கொஞ்சம் கோபமாக:

"நீங்க கழி எடுத்துட்டு வரல, டீச்சர்."

மூச்சு ஒன்று உள்ளே இழுபட்டது. யாருடைய மூச்சு என்று என்னைக் கேட்காதீர்கள்.

வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வந்தாள் மாரித்.

"பிர்கெர் மாமா, ஏன் கடல்நாய் மாதிரி படுத்திருக்கீங்க?"

"நீ எங்கடி போன?"

"டீச்சர் போன வழி. சரியான்னு பாக்கணும்ல."

"சரியா?"

"இல்ல."

ஆசிரியப் பெருமக்களே! நாம் சொன்னதை மட்டுமா பிள்ளைகளிடம் விட்டுச் செல்கிறோம்? நம் நடையை விட்டுச் செல்கிறோம், நம் நடுக்கத்தை விட்டுச் செல்கிறோம், நம்மைக் கொன்ற அவசரத்தையும் அவர்கள் கண்ணில் விட்டுச் செல்கிறோம்! ஆனால் குன்வோர் டீச்சர் இன்னொன்றையும் விட்டுச் சென்றார். தன்னையே தவறென்று சொல்லும் துணிவை, தன் குரலிலேயே விட்டுச் சென்றார். அந்தத் துணிவு அன்று ஒரு பிள்ளையைக் கரை சேர்த்தது. ஆகவே, நாளை வகுப்பில் பிள்ளைகள் பார்க்கவே தவறு செய்யுங்கள். அவர்கள் பார்க்கவே தேடுங்கள். அவர்கள் பார்க்கவே திருத்துங்கள்!

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. போகும் வழியில் தனியாக முணுமுணுத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் கண்டால் அதட்டாதீர்கள். சற்றுத் தள்ளியே நில்லுங்கள். அங்கே இருப்பது ஒருவர் மட்டுமல்ல. வணக்கம்.