முப்பத்தோராவது குற்றம்

…முப்பத்தொரு குத்தம் பாய். ஒண்ணு ரெண்டு இல்ல. பன்னெண்டு பக்கக் கட்டுரைக்கு முப்பத்தொரு குத்தம் கண்டுபிடிச்சு, நாலு பக்கம் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் வேற போட்டு அனுப்பியிருக்கான் மனுசன். பக்கத்துக்கு ரெண்டரைக்கு மேல வருது. வகுத்துப் பாத்துட்டேன்.

மூட்டைய இப்படி என் கால்கிட்ட தள்ளிக்குங்க, பரவால்ல. படகு கிளம்ப இன்னும் கால் மணி ஆகும். துணி மூட்டையா? மார்க்கெட் ஸ்திரீட்டுக்குத்தானே? அப்ப ஒண்ணும் அவசரம் இல்ல லா. நான் பொதுவா தெரியாதவங்ககிட்ட வாயே திறக்கமாட்டேன். என் சம்சாரம் ரோசலினைக் கேட்டா அதுவே சொல்லும். ஆனா இத யார்கிட்டயாவது சொல்லலேன்னா இன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது.

என் பேரு வேதநாயகம். வெல்ட் கீ துறையில தொங்கான் கிராணியா இருந்தேன், இருபத்தேழு வருசம். கப்பல்லேருந்து தொங்கான் படகுல சரக்கு வரும் பாருங்க, அது கரையேறும்போது மூட்டைய எண்ணி எழுதறது. படிப்பு நாலாம் வகுப்பு. எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

எண்ணறவனுக்குக் கை சும்மா இருக்காது. நாங்க நிக்கற துறையில பதினாறு கல்படி. பகல்ல கடல் ஏறி எந்தப் படியில வந்து நிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். ஆறு வருசம். ஞாயித்துக்கிழமைகூட பூசை முடிஞ்சு நேரா படிக்குத்தான். மொத்தம் ரெண்டாயிரத்து நூத்துத் தொண்ணூத்திரண்டு நாள். அதுல ஒண்ணு தெரிஞ்சுது. அமாவாசை பௌர்ணமி அன்னைக்குத்தான் தண்ணி உச்சிக்கு வரும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல? இங்க அப்படி இல்ல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருது. அந்த ஆறு வருசத்துல வந்த அமாவாசை பௌர்ணமி நூத்து நாப்பத்தெட்டு. அதுல நூத்து இருபத்தேழு தடவை அப்படித்தான். மிச்சம் இருபத்தொண்ணு, காத்து மழைன்னு வெச்சுக்குங்க.

இத எழுதி வெச்சா நாலு பேருக்கு உபயோகம்னு தோணிச்சு. இங்க செபாஸ்டியன் வாத்தியார் ஒரு காலாண்டிதழ் நடத்தறாரு, தெரியுமா? கதை, பாட்டு கிடையாது. ஆராய்ச்சி மட்டும். அதுல ஒரு வழக்கம் வெச்சிருக்காரு. நீங்க ஒரு கட்டுரை அனுப்பறீங்க. அவரு நேரா அச்சுக்குக் குடுக்கமாட்டாரு. மேல இருக்கற உங்க பேரைக் கத்தரிச்சு எடுத்துட்டு, அந்த விசயம் தெரிஞ்ச ரெண்டு பேருக்குத் தனித்தனியா அனுப்புவாரு. யார் எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரியாது. யார் படிச்சதுன்னு உங்களுக்குத் தெரியாது. அவங்க நல்லது கெட்டது எழுதி அனுப்பணும். நீங்க அதுக்குப் பதில் எழுதணும். பதில் சரின்னு அவங்க ஒத்துக்கிட்டாத்தான் அச்சு. ஏன் இவ்வளவு சுத்துன்னு கேட்டா, முன்னெல்லாம் சிநேகிதன் எழுதினத சிநேகிதன் புகழ்ந்து இதழ் கெட்டுப்போச்சாம்.

நான் கூச்சப்படறவன் பாய். நாலாம் வகுப்பு கிராணி எழுதினதுன்னா வாத்தியார் பிரிச்சே பாக்கமாட்டாருன்னு பயம். அதனால என் மகள் ஜூலியானாவ விட்டு அழகா நகல் எழுத வெச்சு, அவ புருசன் ஹென்றி பேர்ல, அவங்க தைப்பிங் வீட்டு விலாசம் போட்டு அனுப்பினேன். அச்சுல வந்தப்புறம் நான்தான்னு சொல்லிக்கலாம்னு.

வந்துச்சு பதிலு, தைப்பிங் வழியா. ரெண்டு பேர் கருத்து. முதல் ஆள் ரெண்டே வரி. “கட்டுரை நன்று. ஒரு படம் சேர்த்தால் இன்னும் நன்று.” ஏழு வார்த்தை. அந்த ஆள் அதப் படிச்சாரா, இல்ல சாயா டம்ளருக்கு அடியில வெச்சிருந்தாரான்னே எனக்குச் சந்தேகம். ரெண்டாவது ஆள்தான் இந்த நாலு பக்கம்.

குத்தத்தைக் கேளுங்க. மூணாவது: படியோட உயரம் எல்லாம் ஒண்ணுதானான்னு அளந்து பாக்கல. எட்டாவது: எழுதினவர் கண்பார்வை சரியா இருக்குன்னு டாக்டர் சீட்டு வைக்கல. இருபத்திரண்டாவது: மழை நாள்ல படியில நின்னது மழைத்தண்ணியா கடல்தண்ணியான்னு நாக்குல வெச்சுப் பாத்தாரா? கேட்டீங்களா பாய்? ஒரு மனுசன் ஆறு வருசம் வெயில்ல நின்னு எழுதினதுக்கு இப்படியா கேக்கறது?

சிரிக்கிறீங்க. சிரிங்க. இதெல்லாம் எப்படி மனப்பாடமா தெரியுதுன்னுதானே பாக்கறீங்க?

நான்தான் பாய் எழுதினேன்.

ஆமா. அந்த ரெண்டாவது ஆள் நான்தான். மாசியில வாத்தியார்கிட்டேருந்து ஒரு உறை வந்துச்சு. நான் நெடுநாள் துறைமுகத்துல இருந்தவனாம், என் கணக்கு பிசகாதுன்னு நாலு பேர் சொன்னாங்களாம், அதனால இந்தக் கட்டுரையப் படிச்சு ஒளிக்காம கருத்து எழுதணுமாம். பேர் இருந்த இடம் கத்தரிச்சிருக்கு. அதுக்குக் கீழ என் மக கையெழுத்து, முத்து முத்தா.

திருப்பி அனுப்பியிருக்கணும். ஏன்னு கேப்பாரே? சொல்லக் கூச்சம். நல்லா இருக்குன்னு எழுதினா, நாளைக்கு விசயம் தெரியும்போது தன் மூட்டைக்குத் தானே முத்திரை குத்தினான்னு ஊர் சிரிக்கும். சரி, சில்லறைக் குத்தமா எழுதிவிடுவோம், இன்னொரு ஆள் எப்படியும் புகழ்வாரு, வாத்தியார் புகழ்ச்சிய எடுத்துக்குவாருன்னு கணக்குப் போட்டேன். இருபத்தேழு வருசத்துல நான் தப்பாப் போட்ட கணக்கு அது ஒண்ணுதான். வாத்தியார் என்ன எழுதறாரு தெரியுமா? இதழ் ஆரம்பிச்சு பதினேழு இலக்கத்துல இப்படியொரு பார்வை வந்ததே இல்லையாம். ரெண்டு வரி எழுதினவர் படிக்கலையாம். முப்பத்தொண்ணு எழுதினவர்தான் படிச்சவராம். எல்லாத்துக்கும் பதில் வந்தாத்தான் அச்சு, அதுவும் இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள. இல்லேன்னா கட்டுரை விழுந்துடும்.

படகு நகருது பாருங்க. கம்பியப் புடிச்சுக்குங்க.

முப்பதுக்கு பதில் எழுதறது ஒரு வேலையா? நான் இட்டுக்கட்டினது, நானே அவுத்துட்டேன். ஒரே ராத்திரியில முடிஞ்சுது. மூட்டைக்கு எங்க ஓட்டைன்னு தைச்சவனுக்குத் தெரியாதா?

அந்த முப்பத்தோராவதுதான்…

அத நான் எழுத நெனைக்கவே இல்ல பாய். முப்பதோட நிறுத்தி கையெழுத்துப் போடப் போனேன். ஆனா அடுத்தவன் கணக்கச் சரிபாக்கறப்போ கடைசியா ஒருக்கா மேலேருந்து கீழ விரல ஓட்டுவேன், அது பழக்கம். ஓட்டினேன். ஒரு இடத்துல விரல் நின்னுபோச்சு. அப்படியே எழுதிட்டேன்: “நான்காம் ஆண்டில் நாற்பத்து மூன்று நாட்கள் மட்டும் கடல் மிக ஒழுங்காக நடந்துகொள்கிறது. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அந்த நாட்களில் எழுதினவர் படியில் இருந்தாரா?”

இல்ல பாய். மலேரியாவுல ஆஸ்பத்திரியில கிடந்தேன். நாப்பத்து மூணு நாள். எந்திரிச்சு வந்து நோட்டைத் திறந்தா நாப்பத்து மூணு கோடு வெறுமையா இருக்கு. வெறும் கோட்ட அப்படியே விட எண்ணறவனுக்கு மனசு வராது. என் ரெண்டு நாள் விதிப்படி எந்தப் படிக்கு வந்திருக்கும்னு பாத்து ரொப்பிட்டேன். ரோசலினுக்குக்கூடத் தெரியாது. உலகத்துல அந்தக் குத்தத்த கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஒருத்தன்தான், கட்டுரைய அவன்கிட்டயே அனுப்பிட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த நாளெல்லாம் எடுத்துட்டாலும் விதி நிக்குது. மூணு அமாவாசை பௌர்ணமிதான் குறையும். நூத்து நாப்பத்தஞ்சுல நூத்து இருபத்துநாலு. ரொப்பாம விட்டிருந்தாலே போதும்.

இப்பப் பாருங்க. பதில் போனா, வாத்தியார் வழக்கப்படி அது சரியான்னு பாக்க அதே ரெண்டாவது ஆளுக்குத்தான் வரும். எனக்கு. “ஆமாம், இருந்தேன்”னு ரெண்டு வார்த்தை எழுதினா, அத ஒத்துக்கிட்டு முத்திரை குத்த வேண்டியவனும் நான்தான். கேக்க ஒரு நாதி இல்ல. நாலு நாளா அந்த ரெண்டு வார்த்தைய எழுதறதும் அடிக்கறதுமா இருந்தேன். பதினோரு தாள் வீணாப்போச்சு.

என்ன, அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க? கரைதானா? கயிறு கட்டட்டும், நெரிசல்ல போகாதீங்க. சரி சரி, போங்க, கடை காத்துக்கிட்டு இருக்கும்.

பாய், ஒரே வார்த்தை… இன்னைக்குக் காலையில எழுதிட்டேன். உறையும் ஒட்டியாச்சு, வாத்தியார் பெட்டியில போடத்தான் போறேன். “முப்பத்தோராவது: கருத்து எழுதியவர் சொல்வது சரி. அந்த நாட்களில் நான் படியில் இல்லை. அந்த வரிகளை நீக்கிவிடவும்.” அவ்வளவுதான். நீக்கிட்டு அச்சுல போடறதும் போடாததும் இனி அந்த ரெண்டாவது ஆள் கையில இருக்கு. அந்த ஆளை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு பாய். லேசுல விடற ஆள் இல்ல அவன்.