ஃபக்ருன்னிசா மாமியின் மௌத்துச் செய்தி

கால்பந்து ஆட்டத்தை வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று நினைப்பவன் நான். இதை மட்டும் நீங்கள் ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

பழைய பர்மியத் தலைநகரின் லான்மடா பகுதியில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. எதிரே செல்லக்கண்ணுவின் டீக்கடை. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு உலகக் கோப்பைக்காக அவர் கூரையில் டிஷ் மாட்டி, பெரிய டிவி வாங்கி, மின்சாரம் போனால் ஓட்ட ஜெனரேட்டரும் வைத்தார். தெருவே அங்கேதான் உட்கார்ந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் குடைக்கடை அப்துல் பாரி.

பாரி என் நண்பர். நல்ல மனிதர். ஆனால் நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பார். "இந்தா குடுத்துட்டான் பாரு. அடிப்பான். ம்ஹூம், அடிக்கமாட்டான். நான் சொன்னேன்ல?" பேசாமல் பாருங்கள் என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன். "நான் எங்க பேசினேன், ஞானம்?" என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்டவரைத் திருத்த முடியாது. எழுப்பி அனுப்பத்தான் முடியும்.

எங்கள் தெருவில் அப்போது டெலிபோன் உள்ள கடைகள் குறைவு. யாருக்கு அவசரச் செய்தி என்றாலும் என் கடைக்குத்தான் வரும், நான் போய்ச் சொல்வேன். என் வார்த்தையை யாரும் சந்தேகித்ததில்லை. கால் இறுதி ஆட்டத்தன்று, பாரியின் குடோனுக்குள் மழைத்தண்ணீர் ஏறுவதாக போன் வந்தது என்றேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அருமையான ஆட்டம் அது. அரையிறுதிக்கு, அவர் மகன் ஆபித் டியூஷன் வீட்டு மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னேன். பையன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"எவனோ வேணும்னே போன் பண்றான், ஞானம்," என்று பாரி மறுநாள் வருத்தப்பட்டார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று நானும் வருத்தப்பட்டேன்.

ஆகவே இறுதியாட்டத்துக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. சந்தேகப்படவே மனம் கூசுகிற செய்தியாக இருக்க வேண்டும். பாரியின் மாமியார் ஃபக்ருன்னிசா மாமி ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேயில் இருந்தார். வயதானவர். வீட்டில் போன் கிடையாது. இதனால் அவருக்கு எந்த வலியும் இருக்காது என்பதை நன்றாக யோசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டு, குடைக்கடைக்குள் நுழைந்தேன்.

"பாரி, த்வாண்டேலேர்ந்து போன். மாமி மௌத்தாயிட்டாங்களாம்."

பாரி கையிலிருந்த குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். பிறகு மாடிக்குப் போனார். அவர் மனைவி லத்தீபாவின் அலறல் தெருமுனைவரை கேட்டது. லத்தீபாவை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அது என் பிழைதான்.

தெருவையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. செல்லக்கண்ணு டிவியை அணைத்தார்.

"என்ன செய்யிறீங்க?" என்றேன்.

"பாரி வீட்டு மய்யித்து அடக்கத்துக்குப் போகாம மேட்ச் பாக்கறதா? நல்லா இருக்கே, கோ ஞானமுத்து!" என்று பர்மிய முறையில் அண்ணன் போட்டுச் சொல்லி, கதவை இழுத்துப் பூட்டினார். நாற்காலியில் இடம் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள். சேதி கொண்டுவந்தவன் என்பதால் உடலைச் சுற்றி அடக்கும் கஃபன் துணி எடுக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. நல்ல துணியாகவே எடுத்தேன். இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போகும் ஃபெர்ரியில் பாரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெருநாளைக்குக்கூடப் போய்ப் பாக்கல, ஞானம். ஏதோ ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னு கோவம். இப்ப யார்கிட்ட போய் மாப்பு கேக்கறது?"

"உங்கள மன்னிச்சிட்டுத்தான் கண்ண மூடினாங்களாம். போன்ல சொன்னாங்க," என்றேன்.

அவர் தேம்பித் தேம்பி அழுதார். ஆறுதல் சொன்னதில் எனக்கும் மனம் லேசானது. ஆனால் அந்த ஃபெர்ரி அநியாயத்துக்கு மெதுவாகப் போனது.

டாலாவில் ஒரு பிக்கப் பிடித்து மழையில் த்வாண்டே போய்ச் சேர்ந்தபோது, மாமி வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும், சொன்னது பலித்துவிட்டதோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. லத்தீபா "உம்மா" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினார். பின்னாலேயே நாங்கள் ஓடினோம்.

உள்ளே அக்கம்பக்கத்தார் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாற்காலியில், வாயில் சுருட்டோடு, ஃபக்ருன்னிசா மாமி.

"யாருடி செத்தா?" என்றார்.

செல்லக்கண்ணு துணி மூட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது மறைக்கக்கூடிய அளவில் இல்லை. மாமி அதைப் பார்த்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"லைன் சரியில்ல," என்றேன். "பேரு தப்பாக் கேட்டிருக்கும்."

மாமி சுருட்டை இழுத்து முடிக்கும்வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி, வந்தது வந்துட்டீங்க. உக்காருங்க. ரெண்டாவது பாதி தொடங்கப்போகுது," என்றார்.

பாரி போய் அவர் காலடியில் உட்கார்ந்தார். மாமியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டம் முடியும்வரை அப்படியே இருந்தார். மருமகனுக்கும் மாமிக்கும் இருந்த மனத்தாங்கல் அன்றோடு தீர்ந்தது. யார் தீர்த்துவைத்தது என்று யோசித்துப் பாருங்கள். லைன் சரியில்லை என்றுதான் பாரி இன்றும் நம்புகிறார்.

கண்ணீரில் அவருக்குத் திரை தெரிந்திருக்காது. அதனால் யாரிடம் பந்து இருக்கிறது, யாரிடம் போகிறது, அடிப்பானா மாட்டானா என்பதை அவருக்காக நான் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெர்மனி கோல்கீப்பர் பந்தை நழுவவிடுவார் என்று நழுவுவதற்கு முன்பே சொன்னேன். பிரேசிலின் இரண்டாவது கோல் எப்படி விழும் என்பதையும் எழுந்து நின்று விளக்கினேன்.

அப்போதுதான் மாமி லத்தீபாவின் பக்கம் சாய்ந்து, "இந்த ஆளு வீட்டுல யாரோ மௌத்துன்னு சொல்லி எழுப்பி அனுப்புங்கடி, மேட்ச் பாக்க முடியல," என்றார்.

பாரியைத்தான் சொல்லியிருப்பார். அவருடைய பழக்கம் மாமிக்குத் தெரியாதா என்ன.