டேஷ்போர்டில் ஒட்டிய சாமி படம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் துவைத்த வேட்டி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. ஈர வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதினாறு வருஷம் ஓடிய எங்கள் காரைப் பழைய இரும்புக்குப் போடத் தீர்மானித்தேன். ஆலங்குளத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜெபசிங்குக்கு ஆள் அனுப்பினேன். என் மகள் சங்கரேஸ்வரியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன் அவன். இரண்டு வருஷமாக இருவரையும் நான் வாசல் ஏற்றவில்லை. இப்போது அவள் தம்பி இளையவனுக்கு அச்சன்புதூரில் பெண் பேசியிருக்கிறோம். அந்த வீட்டுப் பெரியவர், "மூத்தவ இப்ப எங்கன இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். சபையில் வைத்துக் கேட்டார். இந்தக் காந்திமதிநாதன் தலை குனிந்தது அன்று ஒருநாள்தான்.

ஜெபசிங் சொன்ன நேரத்துக்கு வந்தான். வேலை தெரிந்தவன், அதை மறுக்கமாட்டேன். இடப்பக்க ஏர்பேக் வெடிக்காமல் அப்படியே இருக்கிறது, இதோடு அனுப்பினால் உடைக்கிறவன் உயிருக்கு ஆபத்து, இங்கேயே வெடிக்கவைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று நான் அனுப்பிய ஆளிடமே முன்கூட்டிச் சொல்லிவிட்டிருந்தான். அதிலிருந்து நீளமாக வயர் இழுத்து, முப்பதடி தள்ளித் தென்னை மூட்டில் தனியாக ஒரு பேட்டரி வைத்தான். ஒரு முனையை மாட்டினான். மறுமுனையைக் கீழே போட்டான்.

"மாமா, இது பேட்டரியில படும்போது காருக்குள்ள ஈ காக்கா இருக்கப்படாது. நீங்க இங்கனயே நில்லுங்க."

"ஏம்லே, என்னைய என்ன சின்னப்பிள்ளைன்னு நெனச்சியா?"

"உங்க மகளும் அச்சு அசலா இப்படித்தான் கேக்கா" என்று சிரித்தான்.

டேஷ்போர்டில், ஏர்பேக் மூடியின் மேலேயே குற்றாலநாதர் படம் ஒட்டியிருந்தது. சாமியை வெடியில் சிதறவிடலாமா? வண்டியிலிருந்து சாமியை இறக்குவது வீட்டு ஆண்பிள்ளை செய்ய வேண்டிய காரியம். எங்கள் வழக்கம் அது. எனக்கு முதுகு வளையாது. இளையவனைக் காலையிலேயே வெளியே அனுப்பியிருந்தேன்.

"மாப்ளே, நீரே எடுத்துத் தாரும். கிழிஞ்சிரப்படாது" என்றேன்.

நான் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"நான் தொடலாமா மாமா?"

"நீரும் இந்த வீட்டு ஆளுதான?"

செருப்பைக் கழற்றினான். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி, படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பினான். எளிதில் வரவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்து உரித்தான். நல்ல பசை அது. முந்தின நாள் நான்தான் அதை வாங்கிப் படத்தை அங்கே ஒட்டினேன்.

வயரை எடுத்துப் பேட்டரியில் வைத்தேன். லாரி டயர் வெடித்தமாதிரி ஒரு சத்தம். கழுத்து முறிந்திருந்ததாக டாக்டர் சொன்னார். அதிக நேரம் துன்பப்படவில்லை என்றும் சொன்னார். கேட்டு நிம்மதியாக இருந்தது.

கை தவறி வயர் பட்டுவிட்டதாக நேற்று சொன்னேன். அது பொய். பொய் சொல்லித் தப்பிப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. அதனால்தான் நானாக வந்தேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாப்பிள்ளை என்று கூப்பிட்டதை மட்டும் விட்டுவிடுங்கள். அச்சன்புதூர்க்காரர்கள் காதில் விழுந்தால், அந்தக் கலியாணத்தை நான் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.